மாலை ஏழு மணிக் கூட்டம்: சென்னையில் ஒரு குடிநோயாளர் குழு பற்றிய மதிப்பீடு

உணவகத்தைப் பற்றி மதிப்பீடு எழுதுகிறவர் கடையின் பெயரையும் தெருவையும் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்னும் கூட்டுறவைச் சேர்ந்த ஒரு குழுவுக்குப் பதினான்கு மாதங்களாகப் போய்வருகிறேன். அங்கு வருகிறவர் யார் என்பதும் அவர் என்ன பேசினார் என்பதும் அந்த அறைக்கு வெளியே போகக்கூடாது என்பது அதன் அடிப்படை ஒழுங்கு என்பதால், குழுவின் பெயர், கூடும் தெரு, என் பெயர் ஆகிய மூன்றும் இதில் இருக்காது. தென்சென்னை, ஒரு தேவாலய வளாகத்தின் பின்கட்டில் உள்ள ஞாயிறு பள்ளி வகுப்பறை, வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழு மணி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூட்டத்தின் சாரமே வெளியில் சொல்லக்கூடாதது என்னும்போது எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்கலாம். நேரத்தை வைத்து மதிப்பிடுகிறேன். காரணத்தைச் சொல்லச் சற்றுப் பின்னால் போகவேண்டும்.

குடியை நிறுத்துவதற்கு நம் ஊரில் வழக்கமாக உள்ள வழிகள் எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். அம்மா கோயிலுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டிவிட்டார்; மூன்று மாதம் தாங்கியது. சபரிமலைக்கு மாலை போட்டேன். ஒரு மண்டலம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, மாலையைக் கழற்றிய இரவே, விட்ட நாட்களுக்கெல்லாம் வட்டி போட்டதுபோலக் குடித்தேன். கயிற்றுக்கும் மாலைக்கும் முடிவுத் தேதி உண்டு, குடிக்கிறவன் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டே இருக்கிறான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை என் மனைவி வாங்கி வைத்திருந்தார். நல்லவேளையாக அது டப்பாவிலேயே இருந்தது. குடியை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை உட்கொண்ட நிலையில் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் அதை நோயாளியின் சம்மதமின்றிக் கொடுப்பதில்லை. பெயர் தெரியாத பொடியில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு ஒரு நள்ளிரவில் இணையத்தில் 'அருகிலுள்ள குடி மறுவாழ்வு' என்று தேடினேன். முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஏரியா, வீட்டில் யார் இருக்கிறார்கள், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மூன்றே கேள்விகள் கேட்டார். "நீங்க பேச வேணாம் சார், வீட்டம்மாகிட்ட போனைக் குடுங்க, வண்டியோட நாலு பேரை அனுப்பறோம்" என்றார். குடிக்கிறவன் நானே வலியச் சென்று கேட்கும்போதும் என்னைத் தூக்கிப் போகத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இப்படி வண்டி அனுப்புகிறேன் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவு எண்ணைத்தான். நான் கேட்டேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது.

உருப்படியான வழி அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில்தான் கிடைத்தது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, குடிக்காத நாளில் வலிப்பு வந்ததுண்டா, இல்லாததைக் கண்ணால் கண்டதுண்டா என்று மருத்துவர் கேட்டார். இதை இங்கே சற்று அழுத்திச் சொல்கிறேன்: நெடுநாள், நாள் தவறாமல் குடித்தவர் ஒரே மூச்சில் தானாக நிறுத்துவது வீரம் அல்ல. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி பேதலித்து, உடல் முழுதும் நடுங்கி, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். என்னை ஐந்து நாள் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "உடம்பு சரியாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை என்ன செய்யப்போகிறீர்கள்?" பதில் என்னிடம் இல்லை. அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஏ.ஏ. தொடர்பு எண் அச்சிட்ட சிறு அட்டை இருந்தது. அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மதியத்தை வேலை பார்த்துக்கொள்ளும். அலுவலகம் விட்ட பிறகு கால் தானாகத் திரும்பும் அந்த நான்கு மணி நேரம்தான் குடிநோயாளியின் நாள் முழுவதும். ஆகவே ஒரு குழு எத்தனை நல்ல வாசகங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறது என்பது எனக்குப் பொருட்டில்லை. ஏழு மணிக்கு அது என் வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே பொருட்டு.

அருகில் என்ற சொல்லின் அருமையை நான் இரண்டு முறை தவறிய பின்பே உணர்ந்தேன். அட்டையில் இருந்த எண்ணை அழைக்கக் கூச்சப்பட்டு, யாரோ எப்போதோ இணையத்தில் தொகுத்துப் போட்டிருந்த பட்டியலில் ஒரு பள்ளியின் முகவரியைக் கண்டு கிளம்பிப் போனேன். காவலாளி, "அது கொரோனாவுக்கு முன்னாடியே நின்னுபோச்சே சார்" என்றார். திரும்பும் வழியில் கடை இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பதினோராம் நாள் அது. அதன் பிறகுதான் அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் ஒரு குடிநோயாளி. அவர் சொன்ன குழு நல்ல குழுதான், ஆனால் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும், பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. குடித்துவிட்டு அழுததை ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மொழி பழக்கமில்லை. நான்கு வாரம் போனேன். மழை பெய்த முதல் நாளே நின்றுவிட்டேன். மறுபடி அதே எண்ணை அழைத்து, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தமிழில் நடக்கும் குழு எது என்று நேராகக் கேட்டபோது கிடைத்ததே இந்த வகுப்பறை.

முதல் நாள் எதிர்ச் சாரியில் இளநீர் வண்டியருகே இருபது நிமிடம் நின்றேன். வளாகத்திலிருந்து ஒருவர் பிஸ்கட் பாக்கெட் வாங்க வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், எதுவும் விசாரிக்காமல், "மீட்டிங்குக்குத்தானே? வாங்க தம்பி, டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். உள்ளே குழந்தைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகள். முழங்கால் மார்பை இடித்தது. தேநீர் ஊற்றியவர் எனக்குப் பேப்பர் கப்பில் பாதி மட்டுமே ஊற்றினார். மற்ற எல்லோருக்கும் நிறைய ஊற்றுகிறாரே என்று உள்ளுக்குள் குறைபட்டேன். கப் கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது: கை நடுங்குகிறவன் நிறைந்த கப்பைச் சிந்திவிடுவான், சிந்தியதும் எழுந்து போய்விடுவான். அவர் என் கையைப் பார்த்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் டீ கேன் என் பொறுப்பு. பாதி ஊற்றும் வித்தையைப் புதிதாக வருகிறவர்களிடம் நானும் காட்டுகிறேன். இந்த அமைப்பின் சேவைத் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

கூட்டம் ஒன்றரை மணி நேரம். சிறிது மௌனம், மன அமைதி வேண்டும் சின்னப் பிரார்த்தனை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளிலிருந்து ஒரு வாசிப்பு. பிறகு அன்றைக்குத் தலைமை ஏற்றவர் ஒரு பொருளைச் சொல்ல, ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினால் அறை முழுவதும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லும். சாதி, ஊர், உத்தியோகம் ஒன்றும் கேட்கப்படுவதில்லை. பேச விருப்பமில்லை என்றால் 'பாஸ்' என்று சொல்லிவிடலாம். முதல் ஐந்து கூட்டங்கள் நான் அதை மட்டுமே சொன்னேன். பேசியவருக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது, புத்திமதி கூடாது. தமிழ்நாட்டில் ஒரு மனிதன் தன் குற்றங்களைப் பத்து நிமிடம் சொல்லி முடித்த பின்னும் எதிரே இருப்பவர் அறிவுரை சொல்லாமல் இருக்கும் இடம் வேறு எங்காவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். 'திறந்த கூட்டம்' என்று அறிவிக்கும் நாட்களில் குடும்பத்தாரும் வரலாம். மற்ற நாட்களில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும். உறுப்பினராகத் தேவையான ஒரே தகுதி குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். குடித்துவிட்டு வந்தாலும் வெளியே அனுப்புவதில்லை, சத்தம் போடாமல் உட்கார்ந்தால் சரி.

கட்டணம் கிடையாது. கூட்டத்தின் நடுவே ஒரு பிரம்புக் கூடை கைமாறி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்கும் அதில் விழும் காசுதான். புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது, குழுக்கள் நடக்கவேண்டிய முறையைச் சொல்லும் இவர்களின் பன்னிரண்டு மரபுகளில் ஏழாவது. என் மைத்துனர் பெரிய தொகை ஒன்றைக் கொடுக்க முன்வந்தபோது மரியாதையாக மறுத்துவிட்டார்கள்; மறுவாழ்வு என்ற பெயரில் பணம் பறிக்கப் பார்த்தவரோடு பேசிவிட்டு வந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

இந்த ஏற்பாடு தொடங்கிய விதமே ஓர் உள்ளூர்த் துணையைத் தேடிய கதைதான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், காரியம் தோற்று, மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் பார், மறுபக்கம் தேவாலயங்களின் தொலைபேசிப் பட்டியல். தான் குடிக்காமலிருக்க இன்னொரு குடிகாரரோடு பேசவேண்டும் என்று தோன்றி, பட்டியலில் இருந்தவர்களை அழைத்தார். அது சுற்றிவளைத்து ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பு தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தியாவுக்கு அது 1957-இல் வந்தது. உதவி செய்யப் போனவர் தனக்காகவே போனார் என்பதை நான் மனத்தில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவரைத் தொந்தரவு செய்கிறோமே என்ற தயக்கம் அதனால்தான் எனக்குக் குறைந்தது.

அந்த ஒன்பது மணிக்கு வருகிறேன். கூட்டம் எட்டரைக்கு முடிந்துவிடும். கடை பத்துக்குத்தான் மூடும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்கு எந்தப் பன்னிரண்டு படியிலும் இடமில்லை, ஆனால் என் குழு அதையும் கவனித்துக்கொள்கிறது. யாரும் உடனே கிளம்புவதில்லை. வாசலில் வண்டிகளில் சாய்ந்துகொண்டு கிரிக்கெட், வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் என்று பேசிக்கொண்டு நிற்பார்கள். கடை மூடும் நேரம் நெருங்கிய பிறகே ஒவ்வொருவராக நகர்வார்கள். எழுதப்படாத நிகழ்ச்சி நிரல் அது. இரண்டாம் மாதத்தில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். ஸ்பான்சர் என்று ஒருவரைத் துணையாகத் தேர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. ஆறாம் மாதம் ஒரு சொந்தக்காரர் திருமணத்தில் நான் சறுக்கினேன். மறுநாள் மாலை ஸ்பான்சர் அண்ணன் தன் டி.வி.எஸ். 50-இல் வந்து, "ஏறு, இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆகவே பதினான்கு மாதம் போய்வருகிறேன், எட்டு மாதமாகக் குடிக்கவில்லை என்பதே சரியான கணக்கு.

கடவுள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது. பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுளோ நம்மைவிட மேலான ஒரு சக்தியோ வருகிறது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர்; வீட்டில் சாமி படம் இருந்ததில்லை, கயிறும் மாலையும் அம்மாவும் நானுமாக அவருக்குப் பின்னால் செய்தவை. தேவாலய வகுப்பறையில் உட்கார்ந்து பிரார்த்தனை சொல்வது எனக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. என் ஸ்பான்சரிடம் அதைச் சொன்னேன், அவர் அனுமதியோடு பதிலை எழுதுகிறேன்: "கடவுள் வேணாம்னா வேணாம், அந்த டீ கேனை வெச்சுக்கோ. உலகத்துல நீ மட்டும்தான் பெரியவன்னு நெனைக்காம இருந்தா போதும்." இது எல்லோருக்கும் போதுமான பதில் அல்ல. நம்பிக்கையில்லாதவர் பிரார்த்தனை நேரத்தில் வாய் மூடி இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்தச் சொற்கள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. நான் பதினான்கு மாதமாக அவற்றைச் சகித்துக்கொள்கிறேன். குடியைச் சகித்துக்கொண்ட என் குடும்பத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை.

பலன் உண்டா என்பதற்கு என் ஒருவனுடைய அனுபவம் சான்றாகாது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்கு முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை, இடைவிடாமல் குடிக்காதிருப்பதில், எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சின் வழியே மாற்ற முயலும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளைவிட மேலான பலனைத் தந்தது என்பது அதன் முடிவு. அவை பெரும்பாலும் மேலை நாடுகளில் நடந்தவை, நம் ஊர்க் கணக்கு வேறாகலாம். இங்கே உள்ள நிலைமை அதைவிட அடிப்படையானது: மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொல்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாசிப்புத் தாள்களின் தமிழ் மொழிபெயர்ப்பு நடையில் விறைத்து நிற்கிறது; படிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் உரை சொல்லிவிட்டே நகரவேண்டியிருக்கிறது. பேசுகிறவர்களில் சிலர் குடித்த காலத்துச் சாகசங்களில் சுவை கண்டு விவரிக்கும்போது கேட்கிறவனுக்கு நாக்கு வறளும். பெண்கள் வருவதில்லை. குடிக்கும் பெண்கள் இல்லை என்பதால் அல்ல. இருபது ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு, வாசலில் வண்டிகள் நிற்கும் சந்து வழியாக, ராத்திரியில் தனியாக வருவது யாரால் முடியும்? தொடர்பு எண்ணை அழைத்தால் பெண் உறுப்பினர் ஒருவரோடு முதலில் போனில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். பெண்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான், என் குழுவை அல்ல.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-இலிருந்து இருக்கிறது. "குடிச்சது நீங்க, மீட்டிங்குக்கு நான் ஏன் போகணும்?" என்று என் மனைவி மூன்று மாதம் கேட்டார். இப்போது மாதம் இரண்டு முறை போகிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. என் சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பதை நிறுத்தியிருக்கிறார்.

புதிதாகத் தேடுகிறவர்கள் இதைச் சிகிச்சை மையத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே மருத்துவர் இல்லை, மாத்திரை இல்லை, படுக்கை இல்லை. காலையில் கை நடுங்குகிறவர் முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அரசு மருத்துவமனை இருக்கிறது, சென்னையில் இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற பழைய, பெயர் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. உடல் நிலைக்கு வந்த பிறகு குழுவைத் தேடுங்கள். போகுமுன் போனில் அழைத்து, அந்தக் குழு இந்த வாரமும் கூடுகிறதா, எந்த மொழியில், எந்தக் கிழமைகளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் பிடிக்காது. ஆறு கூட்டம் கழித்து முடிவு செய்யுங்கள். இரண்டு குழுக்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கும் குழுவைவிட, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், கடைக்கு முன்னால் வருகிற குழுவையே தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக, நம்பகத்தன்மை. இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு கூட்டமும் ரத்தானதில்லை. டிசம்பர் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில் மின்சாரமும் இல்லை. நான்கு பேர்தான் வந்திருந்தோம். கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்து, எட்டரைக்கு வழக்கம்போல் முடித்தோம். மழை விடாததால் வாசற்படியிலேயே பத்தேகால் வரை நிற்க வேண்டியதாயிற்று.